இன்பாக்ஸிலிருந்து தரவுத்தளத்துக்கு

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரு மெர்ச்சண்டைசர், அவருக்கு ஐரோப்பாவில் நான்கு பையர்கள். லேப் டிப் அனுப்பி நிறத்துக்கு ஒப்புதல் வாங்குவது, ஃபிட் சாம்பிளுக்குத் திருத்தம் வாங்குவது, அளவுப் பட்டியலை இறுதி செய்வது, ஷிப்மென்ட் தேதியைத் தள்ளிப்போடக் கேட்பது என எல்லாமே மின்னஞ்சலில்தான் நடக்கிறது. சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள், "நாங்கள் ஒப்புக்கொண்ட நீலம் இது இல்லை" என்று ஒரு மடல் வரும். முதலாளி கேட்பார்: "அந்த அப்ரூவல் மெயில் எங்கப்பா?"

மெர்ச்சண்டைசர் தேடத் தொடங்குவார். பையரின் பெயரைத் தட்டினால் ஆயிரக்கணக்கில் வந்து விழும். ஸ்டைல் எண்ணைத் தட்டினால், எண்ணைச் சொல்லாமல் "ஓகே, ஆரம்பிக்கலாம்" என்று மட்டும் எழுதிய பதில் சிக்காது. அந்தப் பதில் போன வருடம் வேலையை விட்டுப் போனவரின் கணக்கில் கிடந்தாலும் கிடக்கும்.

மின்னஞ்சல் செயலிகளின் தேடல் பெட்டி ஒரே வகைக் கேள்விக்குத்தான் பழக்கப்பட்டது: இந்தச் சொல் எந்த மடலில் இருக்கிறது? அலுவலகத்துக்கு வேண்டிய கேள்விகள் வேறு. இந்த ஆர்டருக்கு யார், எப்போது, என்ன சொன்னார்கள், தேதிவாரியாகக் காட்டு. ஒப்புதல் கேட்டு அனுப்பி ஐந்து நாளாகியும் பதில் வராத ஸ்டைல்கள் எவை? வராத பதிலை இன்பாக்ஸில் தேட முடியாது. ஆர்டர் பட்டியலையும் மடல் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் அது தெரியும். தரவுத்தளம் அந்த வேலைக்கானது.

இந்த அத்தியாயம் ஒரு மேசைக் கணினியில், கூடுதல் செலவில்லாமல், மடல்களைத் தரவுத்தளத்துக்குள் கொண்டுவரும் வழியைச் சொல்கிறது. வழி நெடுகக் கைவிடக் கூடாத விதி ஒன்று உண்டு. வந்த மடலை வந்தபடியே, ஒரு பைட்டும் மாற்றாமல், முழுதாக வைத்துக்கொள்ள வேண்டும். அனுப்புநர், தேதி, பொருள், ஆர்டர் எண் என்று அதிலிருந்து பிரித்தெடுப்பவை எல்லாம் தேடுவதற்கான பட்டியல்கள். பட்டியலில் பிழை வந்தால் அழித்துவிட்டு மறுபடி உருவாக்கலாம். மூலம் போனால் போனதுதான்.

ஒரு மடலுக்குள் என்ன இருக்கிறது?

திரையில் தெரியும் மடல், உண்மையான மடலின் ஒரு தோற்றம் மட்டுமே. ஜிமெயிலில் ஒரு மடலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் மூலத்தைக் காட்டும் கட்டளையைத் தேர்ந்தால் உள்ளே இருப்பது தெரியும். முதலில் நீண்ட தலைப்பு வரிகள். பிறகு ஒரு வெற்று வரி. அதன் கீழே உடல் பகுதி. 1982-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 822 என்ற தரநிலை வகுத்த இந்த அமைப்பு, 2008-இன் ஆர்எஃப்சி 5322 வரை திருத்தப்பட்டும் அடிப்படை மாறாமல் நீடிக்கிறது. மடல் என்பது வெறும் எழுத்துக் கோப்பு.

அந்தக் காலத்து அமைப்பு ஆங்கில எழுத்துகளுக்கு மட்டும் வகுக்கப்பட்டது. படம், பிடிஎஃப், தமிழ் ஆகியவற்றை அதற்குள் புகுத்த 1990-களில் மைம் என்ற ஏற்பாடு வந்தது. இன்று தமிழில் பொருள் எழுதி அனுப்பினால், மூலத்தில் அது கேள்விக்குறியும் சமக்குறியும் சூழ்ந்த புரியாத ஆங்கில எழுத்து வரிசையாகவே இருக்கும். இணைப்புகள் பேஸ்64 முறையில் எழுத்துகளாக மாறி மடலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். இந்த முறை மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்குவதால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 15 எம்பி பிடிஎஃப் ஒன்றை இணைத்தால் மடல் 20 எம்பியைத் தாண்டுவது இதனால்தான்.

தலைப்பு வரிகளில் மூன்றைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது மெசேஜ்-ஐடி, ஒவ்வொரு மடலுக்கும் அனுப்பும்போதே இடப்படும் தனி அடையாளம். அடுத்தது இன்-ரிப்ளை-டு, இந்த மடல் எதற்குப் பதில் என்று சொல்வது. கடைசியாக ரெஃபரன்சஸ், அந்த உரையாடலில் முன்னால் வந்த மடல்களின் வரிசை. "ஓகே, ஆரம்பிக்கலாம்" என்ற மொட்டைப் பதில் எந்த ஸ்டைலைப் பற்றியது என்பதை இந்த வரிகளைப் பிடித்துக்கொண்டு கண்டுபிடித்துவிடலாம். சாதாரணத் தேடல் இவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

எந்த மென்பொருள்?

அலுவலகக் கணினியில் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் இருந்தால் கை முதலில் அதன் பக்கம்தான் போகும். கிளாசிக் அவுட்லுக் உள்ள கணினியில் அவுட்லுக் ஃபோல்டர் ஒன்றை நேரடியாக ஆக்சஸ் அட்டவணையாக இறக்கும் வசதியும் அதில் உண்டு. நான்கு கிளிக்கில் வேலை முடிந்துவிடும், பொருள், அனுப்புநர், வந்த நேரம், மடல் உரை என்று புலங்கள் வரிசையாக வந்து நிற்கும். குறை பிறகுதான் தெரியும். இணைப்பு இருக்கிறதா இல்லையா என்ற குறி மட்டும் வரும், இணைப்பு வராது. மெசேஜ்-ஐடியும் இன்-ரிப்ளை-டு வரியும் வராது. மூல மடலும் வராது.

ஆக்சஸின் இன்னொரு எல்லை அளவு. ஒரு கோப்பு 2 ஜிபிக்கு மேல் வளர முடியாது, அதன் உள் அமைப்புகளுக்கான இடமும் அந்தக் கணக்கில்தான். டெக் பேக்குகளும் புகைப்படங்களும் வந்து குவியும் அலுவலகத்துக்கு இது எத்தனை நாள் தாங்கும்? அவுட்லுக்கே இந்தச் சங்கடத்தை அனுபவித்திருக்கிறது. அதன் பழைய பிஎஸ்டி கோப்புகள் 2 ஜிபியைத் தொட்டதும் பழுதாகிப் பலர் மடல்களை இழந்தார்கள். 2003 பதிப்பில் புதிய வடிவம் வந்த பிறகே அந்த எல்லை விலகியது.

இந்த அத்தியாயம் பரிந்துரைப்பது எஸ்க்யூலைட். ரிச்சர்ட் ஹிப் 2000-இல் வெளியிட்ட இந்தத் தரவுத்தளத்துக்குச் சர்வர் தேவையில்லை, உரிமக் கட்டணம் கிடையாது. முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு. அதிகபட்ச அளவு 281 டெராபைட், எனவே எந்தச் சிறு அலுவலகமும் அதை எட்டப் போவதில்லை. தண்டர்பேர்ட் தன் தேடல் பட்டியலையும் ஆப்பிள் மெயில் தன் மடல் அட்டவணையையும் எஸ்க்யூலைட்டில்தான் வைத்திருக்கின்றன. அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், தரவுத் தொகுப்புகளை நெடுங்காலம் பாதுகாக்க ஏற்ற வடிவங்களில் இதையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. 2050 வரை ஆதரவு தருவதாக உருவாக்கியவர்கள் அறிவித்திருக்கிறார்கள்.

மடலைப் பிரித்து உள்ளே ஏற்றும் வேலைக்குப் பைத்தான் மொழி போதும். மடலைப் படிக்கும் தொகுதி, அஞ்சல் கோப்புகளைத் திறக்கும் தொகுதி, எஸ்க்யூலைட்டுடன் பேசும் தொகுதி மூன்றும் பைத்தானுடன் கூடவே வருபவை, தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஆக்சஸில் படிவமும் அறிக்கையும் பழகியவர்கள் அதைக் கைவிட வேண்டாம். ஓடிபிசி இணைப்பு வழியாக எஸ்க்யூலைட் அட்டவணைகளை ஆக்சஸுக்குள் இருந்தே பார்க்கலாம்.

மடல்களை வெளியே எடுப்பது

ஜிமெயில் கணக்காக இருந்தால் கூகுள் டேக்அவுட் மூலம் எல்லா மடல்களையும் எம்பாக்ஸ் வடிவத்தில் இறக்கிக்கொள்ளலாம். எம்பாக்ஸ் என்பது மடல்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி வைத்த ஒரே நீண்ட கோப்பு. தண்டர்பேர்டும் வழக்கமாக இதே வடிவத்தில்தான் சேமிக்கிறது. அதன் புரொஃபைல் ஃபோல்டரில் நீட்டிப்பு இல்லாத "இன்பாக்ஸ்" கோப்பும், பக்கத்திலேயே எம்எஸ்எஃப் நீட்டிப்புடன் ஒரு சிறு கோப்பும் இருக்கும். நமக்கு வேண்டியது முதலாவது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. தண்டர்பேர்டில் மடலை அழித்தாலும் எம்பாக்ஸ் கோப்பிலிருந்து அது உடனே மறைவதில்லை. ஃபோல்டரைச் சுருக்கும் கட்டளை ஓடும் வரை மடல் அங்கேயே இருக்கும், அதன் தலைப்பில் அழிக்கப்பட்டதற்கான குறி மட்டும் ஏறியிருக்கும். இதைக் கவனிக்காமல் கோப்பை அப்படியே ஏற்றினால், எப்போதோ குப்பையில் போட்ட மடல்களும் உயிர்பெற்று வந்து நிற்கும். எனவே முதலில் எல்லா ஃபோல்டரையும் சுருக்கிவிட்டு, தண்டர்பேர்டை மூடிவிட்டு, அதன்பின் கோப்பை நகலெடுக்க வேண்டும்.

கிளாசிக் அவுட்லுக்கில் ஒரு மடலை இழுத்து டெஸ்க்டாப்பில் போட்டால் எம்எஸ்ஜி என்ற அதன் சொந்த வடிவத்தில் விழும். அது வந்த மடலின் மூலம் அல்ல, அவுட்லுக் தன் வசதிக்குப் பிரித்து அடுக்கியது. அந்தக் கணக்கு ஐமேப் வழியாகக் கிடைக்குமானால் தண்டர்பேர்டில் அதைச் சேர்த்து, சர்வரிலிருந்து மூல மடல்களை இறக்குவதே நல்லது.

நான்கு அட்டவணையில் ஒரு நிறுவனம்

அட்டவணைகளை எப்படி அமைப்பது? இதற்கு உலகறிந்த முன்மாதிரி ஒன்று உண்டு. அமெரிக்காவின் என்ரான் எரிசக்தி நிறுவனம் 2001 டிசம்பரில் திவாலானது. விசாரணை நடத்திய கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம், அதன் ஊழியர்களின் மின்னஞ்சல்களை 2003-இல் பொதுவெளியில் வைத்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகம் வழியாக ஆய்வாளர்களுக்குக் கிடைத்த தொகுப்பில், சுமார் 150 பேரின் ஏறத்தாழ 5 லட்சம் மடல்கள் ஃபோல்டர் ஃபோல்டராக இருந்தன. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிதேஷ் ஷெட்டியும் ஜாஃபர் அதிபியும் அதை மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமாக மாற்றினார்கள். நகல்களையும் வேண்டாதவற்றையும் கழித்தபின் எஞ்சியவை 2,52,759 மடல்கள். ஏறக்குறைய பாதி காணாமல் போனது! ஒரே மடல் அனுப்பியவரின் ஃபோல்டரிலும் பெற்றவரின் ஃபோல்டரிலும் வெவ்வேறு பிரதிகளாகக் கிடப்பது எந்த அலுவலகத்திலும் நடப்பதுதான்.

அவர்கள் அமைத்தவை நான்கே அட்டவணைகள்: ஊழியர், மடல், பெறுநர், முந்தைய மடலின் மேற்கோள். பெறுநரைத் தனி அட்டவணையாக வைத்தது முக்கியம். ஒரு மடலுக்குப் பெறுநர் ஒருவராகவும் இருக்கலாம், நாற்பது பேராகவும் இருக்கலாம். எல்லோரையும் காற்புள்ளி போட்டு ஒரே புலத்தில் அடைத்தால், "தரக்கட்டுப்பாட்டு மேலாளருக்கு சிசி போன மடல்கள்" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

நம் ஏற்றுமதி அலுவலகத்துக்கு ஆறு அட்டவணைகள் வேண்டும்.

மூலம்: மடல் வந்தபடியே, அதன் ஷா-256 மதிப்பு (விளக்கம் அடுத்த பகுதியில்), ஏற்றிய நேரம், எந்தக் கணக்கிலிருந்து வந்தது.

மடல்: மெசேஜ்-ஐடி, எதற்குப் பதில், அனுப்புநர், பொருள், தேதி, குறியீடுகள் நீக்கிய வெறும் உரை.

பெறுநர்: மடல் எண், முகவரி, வகை. வகை என்பது டு, சிசி, பிசிசி ஆகியவற்றில் ஒன்று. பெற்றவரின் பிரதியில் பிசிசி இருக்காது, அனுப்பியவரின் சென்ட் ஃபோல்டர் பிரதியில் இருக்கலாம். இரண்டு பிரதிகளையும் மூலத்தில் வைத்திருப்பதன் பயன்களில் இதுவும் ஒன்று.

இணைப்பு: கோப்பின் பெயர், வகை, அளவு, அதன் ஷா-256 மதிப்பு.

ஆர்டர்: ஸ்டைல் எண், பிஓ எண், பையர், ஷிப்மென்ட் தேதி.

மடல்-ஆர்டர்: எந்த மடல் எந்த ஆர்டருக்கு உரியது, அதை முடிவு செய்தது கணினியா மனிதரா.

கடைசி அட்டவணையில்தான் அலுவலகத்தின் அறிவு சேரும். பொருளிலோ உரையிலோ ஸ்டைல் எண் இருந்தால் கணினியே கோக்கும். எண் இல்லாத பதிலாக இருந்தால், இன்-ரிப்ளை-டு வரியைப் பிடித்துக்கொண்டு தாய் மடலுக்குப் போய், அதன் ஆர்டரை எடுத்துக்கொள்ளும். இது எப்போதும் சரியாக வராது. புது விஷயத்தைத் தொடங்க நினைப்பவர்கள், முகவரி தேடச் சோம்பல்பட்டு, பழைய மடலுக்கு ரிப்ளை கொடுத்துப் பொருளை மட்டும் மாற்றி எழுதுவார்கள். அப்போது புது ஆர்டரின் மடல் பழைய ஆர்டரில் போய் ஒட்டிக்கொள்ளும். மெர்ச்சண்டைசர் கையால் திருத்தியதைக் கணினி மறுமுறை மாற்றிவிடாமலிருக்கத்தான் "யார் முடிவு செய்தது" என்ற புலம்.

நகல் எது, மூலம் எது?

ஷா-256 என்பது கோப்பின் கைரேகை மாதிரி. கோப்பு எவ்வளவு பெரிதானாலும் 64 எழுத்துகளில் ஒரு மதிப்பு கிடைக்கும், உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் மதிப்பு முழுதும் மாறிவிடும். அப்படியானால் நகல்களைக் கண்டுபிடிக்க இதையே பயன்படுத்தலாமே என்று தோன்றும். கூடாது. ஒரு மடல் வழியில் கடக்கும் ஒவ்வொரு சர்வரும் தன் பங்குக்கு ஒரு "ரிசீவ்டு" வரியைத் தலையில் ஒட்டிவிடும். எனவே மெர்ச்சண்டைசருக்கு வந்த பிரதியும் மேலாளருக்கு வந்த பிரதியும் படிக்க ஒன்றாக இருந்தாலும் ஷா மதிப்பில் வேறுபடும். நகலை அடையாளம் காண மெசேஜ்-ஐடியைப் பார்க்க வேண்டும். சேமித்தபின் எதுவும் மாறவில்லை என்று காட்ட ஷா மதிப்பைப் பார்க்க வேண்டும். மெசேஜ்-ஐடி இல்லாமல் வரும் மடல்களும் உண்டு. அவற்றுக்கு அனுப்புநர், தேதி, உரை மூன்றையும் சேர்த்து ஒரு ஷா மதிப்பைக் கணக்கிட்டு அடையாளமாக வைத்துக்கொள்ளலாம்.

இணைப்புகளுக்கு ஷா மதிப்பு தரும் பயன் வேறு. அவுட்லுக்கில் எழுதிய மடல்களின் அடியில் நிறுவனத்தின் இலச்சினை இருந்தால், அது "இமேஜ்001" என்ற பெயரில் ஒவ்வொரு மடலிலும் இணைப்பாக வந்துகொண்டே இருக்கும். இணைப்புப் பட்டியலை எடுத்தால் பக்கம் பக்கமாக அதுவே தெரியும். ஷா மதிப்பு ஒன்றாக இருப்பவற்றை ஒரே பதிவாக்கி, "அலங்காரம்" என்று குறி போட்டால் பட்டியல் தெளிந்துவிடும். மறுபக்கம், "மெஷர்மென்ட் சார்ட் ஃபைனல்" என்ற ஒரே பெயரில் ஒரு மாதத்தில் மூன்று கோப்புகள் வந்திருக்கும். பெயர் ஒன்று, ஷா மதிப்பு மூன்று என்றால் கோப்பு இரண்டு முறை மாறியிருக்கிறது என்று பொருள். கட்டிங் எந்தப் பட்டியலின்படி நடந்தது என்ற கேள்வி எழும்போது இது கைகொடுக்கும்.

உள்ளேயா, வெளியேயா?

மூல மடலைத் தரவுத்தளத்துக்குள் வைப்பதா, ஃபோல்டரில் கோப்பாக விட்டுவிட்டு இடத்தை மட்டும் குறித்துக்கொள்வதா? எஸ்க்யூலைட் குழுவினர் இதைச் சோதித்திருக்கிறார்கள். சுமார் 10 கேபி அளவுள்ள துண்டுகளைத் தனித்தனிக் கோப்புகளிலிருந்து படிப்பதைவிடத் தரவுத்தளத்திலிருந்து படிப்பது 35 சதவீதம் வேகமாக இருந்தது. 100 கேபி வரை உள்ளே வைப்பது லாபம், அதற்கு மேல் வெளியே வைப்பது நல்லது என்பது அவர்கள் தரும் பொதுவான கணக்கு.

அதையே பின்பற்றலாம். இணைப்பில்லாத சாதாரண மடல்கள் பெரும்பாலும் 100 கேபிக்குள் அடங்கிவிடும், அவை உள்ளே. டெக் பேக்கும் புகைப்படமும் சுமந்து வரும் மடல்கள் வெளியே, வருடம்-மாதம் என்று பிரித்த ஃபோல்டரில், ஷா மதிப்பையே பெயராகக் கொண்ட இஎம்எல் கோப்புகளாக. மூலம் அட்டவணையில் ஒரு புலம் எது எங்கே என்று சொல்லும். இணைப்புகளைத் தனியே பிரித்து மறுபடி சேமிக்கத் தேவையில்லை. மூல மடலுக்குள் அவை ஏற்கெனவே இருக்கின்றன, கேட்கும்போது பிரித்துக் கொடுத்தால் போதும்.

தேதியில் ஒரு சிக்கல்

ஹாம்பர்க்கில் இருக்கும் பையர், கோடைக் காலத்து வெள்ளிக்கிழமை இரவு 8.40-க்கு ஒப்புதல் அனுப்புகிறார். திருப்பூரில் அப்போது நள்ளிரவு தாண்டிச் சனிக்கிழமை 12.10. வெள்ளிக்கிழமைக்குள் ஒப்புதல் தந்தால்தான் சாயப்பட்டறையில் இடம் என்பது பேச்சு. அவர் சொன்ன நாளில் தந்துவிட்டாரா, இல்லையா?

மடலின் தேதி வரியில் நேரத்தோடு நேர வலயமும் இருக்கும். இந்தியாவிலிருந்து போகும் மடலில் +0530, ஜெர்மனியிலிருந்து கோடையில் வரும் மடலில் +0200. வரிசைப்படுத்த எல்லாவற்றையும் யுடிசி நேரத்துக்கு மாற்றி ஒரு புலத்தில் வைக்க வேண்டும். அனுப்பியவர் ஊரின் வலயத்தை அடுத்த புலத்தில் வைக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் வரிசையும் சரியாக வரும், இந்த வழக்குக்கும் பதில் கிடைக்கும். தேதி வரி அனுப்புநரின் கணினி சொல்லும் நேரம், அந்தக் கணினியின் கடிகாரம் தவறாக இருந்தால் இதுவும் தவறாகத்தான் இருக்கும். ஐயம் வந்தால், நம் சர்வர் கடைசியாக ஒட்டிய, தலைப்பில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் ரிசீவ்டு வரியின் நேரத்தோடு ஒப்பிட வேண்டும்.

நூல் என்று தேடினால் நெல் வருகிறது

எஸ்க்யூலைட்டில் எஃப்டிஎஸ்5 என்ற முழு உரைத் தேடல் வசதி உண்டு. லட்சக்கணக்கான மடல்களில் ஒரு சொல்லை ஒரு நொடிக்குள் பிடித்துக் கொடுக்கும். ஆங்கில மடல்களுக்கு அதை அப்படியே பயன்படுத்தலாம். சாயப்பட்டறைக்கும் தையல் யூனிட்டுக்கும் தமிழில் போகும் மடல்களுக்கு ஒரு திருத்தம் செய்தாக வேண்டும்.

உரையைச் சொற்களாக வெட்டும் அதன் வழக்கமான பகுதி, யூனிகோடில் எழுத்து, எண் என்று வகைப்படுத்தப்பட்டவற்றை மட்டுமே சொல்லின் பாகமாகக் கொள்ளும். தமிழின் துணைக்கால், கொம்பு, சுழி, புள்ளி ஆகியவை யூனிகோடில் "குறி" என்ற வேறு வகையில் இருக்கின்றன. எனவே அவை வரும் இடத்திலெல்லாம் சொல் முடிந்துவிட்டதாக அது நினைத்துக்கொள்ளும். "நூல்" என்ற சொல் ந, ல என்று இரண்டு துண்டாகும். "நெல்" என்பதும் ந, ல. "நாலு" என்பதும் ந, ல. நூல் கொள்முதல் பற்றிய மடலைத் தேடினால், "நாலு நாள் ஆகும்" என்று எழுதிய மடல்கள் எல்லாம் சேர்ந்து வரும்.

தீர்வு ஒரே வரியில் இருக்கிறது. தேடல் அட்டவணையை உருவாக்கும்போது, யூனிகோட்61 வெட்டியின் "கேட்டகரீஸ்" விருப்பத்தில், ஏற்கெனவே இருக்கும் எழுத்து, எண் வகைகளோடு எம்என், எம்சி என்ற இரண்டு குறி வகைகளையும் சேர்த்துவிட வேண்டும். அதன்பின் நூல் நூலாகவே இருக்கும்.

இன்னும் இரண்டு கவனங்கள் உண்டு. "கொ" என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு வேறு சொற்கள். ஏற்றும்போதும் தேடும்போதும் உரையை என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். அடுத்தது வேற்றுமை உருபு. "திருப்பூர்", "திருப்பூரில்", "திருப்பூருக்கு" மூன்றையும் பிடிக்க, சொல்லின் முன்பகுதியோடு நட்சத்திரக் குறி போட்டுத் தேடலாம். அப்போது கடைசிப் புள்ளியை நீக்கி, "திருப்பூர" என்று கொடுத்து நட்சத்திரம் போட வேண்டும். புள்ளியோடு கொடுத்தால் "திருப்பூரில்" சிக்காது, ஏனென்றால் அங்கே புள்ளியின் இடத்தில் இகரக் குறி உட்கார்ந்திருக்கிறது.

யூனிகோடுக்கு முந்தைய காலத்துத் தமிழ் மடல்கள் இருந்தால் அவை டிஸ்கி போன்ற பழைய குறியேற்றங்களில் இருக்கும். தலைப்பிலோ அவை மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று தவறாகப் பெயர் சூட்டப்பட்டிருக்கும். அவற்றின் உரைப் புலத்தில் குப்பைதான் வந்து விழும். மூலம் கையில் இருப்பதால் பதற வேண்டியதில்லை. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பில் டிஸ்கியை யூனிகோடாக மாற்றும் வசதி இருக்கிறது. மாற்றியதை உரைப் புலத்தில் மட்டும் எழுதினால் போதும்.

சட்டம் கேட்பது

இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 7-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுகளைப் பாதுகாப்பதற்கு மூன்று நிபந்தனைகள் விதிக்கிறது. பின்னாளில் எடுத்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும். உருவான, அனுப்பிய, பெற்ற வடிவத்திலோ, அதைத் துல்லியமாகக் காட்டும் வடிவத்திலோ இருக்க வேண்டும். எங்கிருந்து வந்தது, எங்கே போனது, எந்த நாள் எந்த நேரம் என்ற விவரங்கள் கிடைக்க வேண்டும். அனுப்புநரையும் உரையையும் மட்டும் பிரித்து வைத்துக்கொண்டு மூலத்தைத் தூக்கிப் போட்டவர்கள் இரண்டாவது நிபந்தனையிலேயே தடுமாறுவார்கள்.

நீதிமன்றத்தில் மின்னணு ஆவணம் தருவதைப் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு ஆண்டது. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் இருப்பது பாரதிய சாட்சிய அதினியம் 2023-இன் 63-ஆம் பிரிவு. அதன்படி தரும் சான்றிதழில் ஆவணத்தின் ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும், படிவத்தில் ஷா-256 ஒரு தேர்வாகவே இடம்பெற்றிருக்கிறது. ஏற்றிய அன்றே கணக்கிட்டு வைத்த மதிப்பு கையில் இருந்தால், வழக்கறிஞருக்குக் கொடுக்க அது தயாராக இருக்கும். எந்த ஆவணத்தை எப்படித் தாக்கல் செய்வது என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஊழியர்களின் சொந்த மடல்கள், வங்கி ஓடிபிகள், கடவுச்சொல் மாற்ற இணைப்புகள் ஆகியவற்றை ஏற்றும் முன்பே வடிகட்டிவிடுவது நல்லது. தரவுத்தளம் இருக்கும் வட்டுக்கு பிட்லாக்கர் போன்ற பூட்டும் வேண்டும். ஒரே கோப்பில் எல்லாம் இருப்பது வசதிதான், பென் டிரைவில் கொண்டுபோகிறவருக்கும் அதே வசதி.

காப்பும் சோதனையும்

எஸ்க்யூலைட் கோப்பு திறந்திருக்கும்போது அதை இழுத்து வேறு வட்டில் போடுவது காப்பு ஆகாது. டபிள்யூஏஎல் முறையில் ஓடும் தரவுத்தளத்தில், புதிதாக எழுதியவை சிறிது நேரம் பக்கத்தில் இருக்கும் இன்னொரு கோப்பில்தான் இருக்கும். முதன்மைக் கோப்பை மட்டும் எடுத்தால் அவை விடுபட்டுவிடும். "வேக்கம் இன்டு" என்ற கட்டளை, தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே முழுமையான நகலை உருவாக்கும். அந்த நகலோடு, வெளியே வைத்த பெரிய மடல்களின் ஃபோல்டரையும் சேர்த்தே எடுக்க வேண்டும். பலர் பயன்படுத்துவதற்காகக் கோப்பை அலுவலக நெட்வொர்க்கின் பொது ஃபோல்டரில் வைக்கக் கூடாது. நெட்வொர்க் வழியாகக் கோப்பைப் பூட்டும் ஏற்பாடு நம்பகமானதல்ல என்று எஸ்க்யூலைட் குழுவினரே எச்சரிக்கிறார்கள். ஒரு கணினியில் வைத்து அங்கிருந்து ஏற்றுவதும் தேடுவதும் பாதுகாப்பு.

மாதம் ஒருமுறை செய்ய வேண்டிய சோதனைகள் மூன்று. "இன்டெக்ரிட்டி செக்" கட்டளையை ஓட்டி, "ஓகே" என்று வருகிறதா பார்ப்பது முதலாவது. சில மடல்களைத் தோராயமாக எடுத்து ஷா மதிப்பை மறுபடி கணக்கிட்டு, பதிந்திருப்பதோடு ஒப்பிடுவது இரண்டாவது. மூன்றாவதுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். மூலம் அட்டவணையையும் பெரிய மடல்களின் ஃபோல்டரையும், அவற்றோடு ஆர்டர் விவரங்களையும் கையால் திருத்திய பதிவுகளையும் வேறொரு கணினிக்குக் கொண்டுபோய், மற்ற அட்டவணைகளைப் புதிதாக உருவாக்கிப் பார்க்க வேண்டும். மடல், பெறுநர், இணைப்பு எண்ணிக்கைகள் பழையவற்றோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசத்துக்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: மெசேஜ்-ஐடி இல்லாதவை, தேதி வரி சிதைந்தவை, குறியேற்றம் தெரியாதவை. இவற்றை "பிரிக்க முடியாதவை" என்ற தனி அட்டவணையில் காரணத்தோடு ஒதுக்கும்படி முதல் நாளே நிரலை எழுதிவிட்டால், எந்த மடலும் சத்தமில்லாமல் விடுபடாது. அந்தப் பட்டியலை மெர்ச்சண்டைசர் வாரம் ஒருமுறை திறந்து பார்த்து, கையால் ஆர்டரோடு கோத்துவிடலாம்.